நவம்பர், நடுக்கடல், ஆறாவது புட்டி

அன்று எண்ணும் அறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சரசு. ஜன்னலோர மேசை. எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்தவள். கை ஓய்ந்தாலும் வாய் ஓயாது.

பாப்பாத்தி. நடு மேசை. கரடியூரிலிருந்து முதல் பஸ்ஸில் வருவாள். சொந்தமாகக் கொஞ்சம் தோட்டம் உண்டு. எங்களில் கை வேகம் அவளுக்குத்தான்.

மேடம். கடற்கரை ஆபீஸிலிருந்து முந்தின நாள் சாயங்காலம் மலையேறி வந்தவர். பெயர் எழுத மாட்டேன். அவருக்குப் பிடிக்காது.

நான். வசந்தா. கதவோர மேசை. படிப்பு ஐந்தாவது.

எங்கள் குமாஸ்தா ரைட்டர் அய்யா மட்டும் அறையில் இல்லை. கட்டடத்துக்குப் பின்னால் இருந்தார். அவர் அங்கே செய்துகொண்டிருந்த வேலை என்னவென்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்தபோது ஓடினோம்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் ஏழு பேரும் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டீர்கள். புட்டியைத் திறப்பது, பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியைத் துடைப்பது எல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். கேமரா வைத்த கண்ணாடி உங்களிடம் இருக்கிறது. அதனால் அதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு நாளை மட்டும் எழுதுகிறேன். எனக்கு நிறைய எழுத வராது.

மலைமேல் கடலுக்கு என்ன வேலை என்று எல்லோரும் கேட்பார்கள். சேலத்திலிருந்து பெட்டியை ஏற்றிவரும் பஸ் கண்டக்டர் வாரம் தவறாமல் கேட்பார். கெடாமல் இருக்க ஊற்றிய மருந்தின் நெடி தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்பார். கடலில் மாதாமாதம் ஒரே இடங்களில் வலை இழுக்கிறார்கள். கரையோரம் நாலு இடம், நடுக்கடலில் இரண்டு இடம். மாவு சலிக்கும் துணி போன்ற வலை. அதில் சின்னச் சின்ன உயிர்கள் சிக்கும். படித்தவர்கள் விலங்கு மிதவை உயிரிகள் என்பார்கள். மீன் குஞ்சுக்கு அதுதான் சோறு. சோறு குறைந்தால் மீன் குறையும். குறைகிறதா கூடுகிறதா என்று தெரிய வருஷக்கணக்கில் விடாமல் எண்ண வேண்டும். நம் வேலை அவ்வளவுதான். கடற்கரை வெக்கையில் மருந்துத் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகிறது என்று இங்கே ஒரு பழைய காப்பிக் குடோனை வாடகைக்கு எடுத்தார்கள். குளிர்ச்சி ஒரு காரணம். எங்கள் கண் இன்னொரு காரணம்.

நாங்கள் மூவரும் ஒரே எஸ்டேட் ஷெட்டில் காப்பிக்கொட்டை பொறுக்கியவர்கள். நான் மட்டும் முப்பது வருஷம். கறுப்பு, உடைசல், சுருங்கல், பூச்சி விழுந்தது. இதையெல்லாம் இடது பக்கம் தள்ள வேண்டும். நல்லது வலது பக்கம். சாயங்காலம் வீட்டுக்குப் போகும் முன் கழிவை எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டரிடம் காட்ட வேண்டும். அவர் கையை விட்டு அளைந்து பார்ப்பார். நல்ல கொட்டை கழிவில் இருந்தால் திட்டு. கழிவே இல்லையென்றால் இன்னும் பெரிய திட்டு, பார்க்காமல் பொறுக்கினாய் என்று. பார்த்து, நோட்டில் எழுதி, அப்புறம்தான் கொட்டச் சொல்வார். கழிவைக் காட்டாமல் ஒருத்தியும் வாசல் தாண்டியதில்லை.

பிறகு ஷெட்டுக்குப் பொறுக்குகிற மிஷின் வந்தது. நாங்கள் வெளியே வந்தோம். ரைட்டர் அய்யாவும் ஓய்வு பெற்று வந்தார். கடல் ஆபீஸ் எங்களை எடுத்துக்கொண்டது. அவரையும் குமாஸ்தாவாக எடுத்துக்கொண்டது. குமாஸ்தா என்று யாரும் கூப்பிடவில்லை. இங்கேயும் ரைட்டர்தான்.

எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒருவர் வந்தார். அரை நாள் சொல்லிக்கொடுத்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சுவரில் ஒரு படத்தை ஒட்டிவிட்டுப் போனார். படத்தில் எல்லா உயிரும் கொம்பு, கால், வால் எல்லாம் முழுசாக, அழகாக இருந்தன. அதிகமாக வருவது துடுப்புக்காலி. அதற்கு நெற்றி நடுவில் ஒரே கண். நாங்கள் அதை ஒத்தைக்கண்ணன் என்போம்.

முதல் நாள் தட்டில் ஊற்றிக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது. கொட்டைகளைப் போலவே இருந்தன. கை தானாக வேலையை ஆரம்பித்துவிட்டது. படத்தில் இருப்பதைப் போல முழுசாக இருந்தது வலது பக்கம். வால் போனது, கொம்பு ஒடிந்தது, கறுத்தது எல்லாம் இடது பக்கம். வலது பக்கத்தை எண்ணி எழுதினேன். இடது பக்கத்தை ஒரு சின்னப் புட்டியில் போட்டு, மருந்து ஊற்றி, சீட்டு ஒட்டி வைத்தேன். யாரும் சொல்லித்தரவில்லை. மூன்று பேரும் அப்படித்தான் செய்தோம்.

ஒருத்தி எண்ணியதை இன்னொருத்தி மறுபடி எண்ணிச் சரிபார்க்க வேண்டும் என்பது சட்டம். சரிபார்த்தோம். நான் எண்ணியதைப் பாப்பாத்தி எண்ணினால் ஒன்று இரண்டுகூட மாறாது. என் கழிவை எட்டிப் பார்த்து, “ஆமா, கழிவுதான்” என்பாள். கீழே ஆபீஸில் எங்களைப் பாராட்டிக் கடிதம் போட்டார்கள். சரசு அதைச் சுவரில் ஒட்டினாள், அந்தப் படத்துக்குப் பக்கத்திலேயே.

இப்படி ஒரு வருஷம் போனது.

நான் சொல்லும் நாள், ஆயுத பூசைக்கு முந்தின நாள். காலையிலேயே அறையைக் கழுவிவிட்டிருந்தோம். வெளியே மேகமூட்டம். மேடம் உள்ளே வந்து பாப்பாத்தியின் மேசையில் ஒரு நீளத் தாளை விரித்தார்.

“இதப் பாருங்க. இந்தக் கோடுதான் நம்ம கடல்” என்றார்.

சரசு எட்டிப் பார்த்தாள். “ஏனுங்க மேடம், கடைசீல அடிவாரத்துக்கு எறங்கற ரோடாட்டல்ல இருக்குது?”

“அதுதான் விஷயம் சரசு. ஒரு வருஷமா எறங்கிக் கெடக்கு. நவம்பர்ல நடுக்கடல் புட்டி ஒண்ண எடுத்துக்குங்க. அதே எடத்துல அதுக்கு முந்தின வருஷம் நானூத்திப் பன்னெண்டு. இந்தத் தடவ நீங்க எண்ணுனது இருநூத்தி மூணு. பாதி.”

“அப்ப கடல் செத்துட்டிருக்குதுங்களா?”

“திங்கக்கிழமை மீட்டிங்ல எழுந்து நின்னு அதைத்தான் சொல்லப் போறேன். பெரியவங்க எல்லாம் வர்றாங்க.”

அவர் முகத்தில் தூக்கம் இல்லை. சொந்த வீட்டில் யாருக்கோ முடியாதது போல இருந்தார்.

நான் கோட்டைப் பார்த்தேன். எனக்குப் படிக்க வராது என்று சொல்ல முடியாது, கோடு புரியும். பத்து வருஷம் ஏறி இறங்கி, ஏறி இறங்கி வந்தது. ஓரிடத்தில் தொப்பென்று விழுந்தது.

“இது எந்த மாசமுங்க?”

“அக்டோபர்.”

நாங்கள் வேலைக்கு வந்த மாதம்.

என் மேசைக்குத் திரும்பினேன். காலையில் ஆரம்பித்த தட்டு அப்படியே இருந்தது. கண்ணாடியில் கண்ணை வைத்தேன். இடது பக்கம் ஒரு ஒத்தைக்கண்ணன் கிடந்தது. வால் இல்லை. தலை முழுசாக இருந்தது. அதன் கண் என்னைப் பார்த்தது. இந்தத் தலையை நான் எண்ணவில்லையே என்று அப்போதுதான் தோன்றியது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு தலை. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

நவம்பரில் கடல் கொந்தளிக்கும். வலையில் அடிபட்டு நிறைய உடையும். உடைந்தது கழிவு. கோடு ஏன் விழுந்தது என்று தெரிந்துவிட்டது. தெரிந்த மாதிரி இருந்தது.

பாத்திரம் கழுவும் குழாயடிக்கு இருவரையும் கூட்டிப் போய்ச் சொன்னேன்.

சரசு என் காலை மிதித்தாள். “அக்கா, வாயத் தொறக்காத. ஷெட்டுல மிஷினு. திரும்பிப் போக எடமில்ல. ஒரு வருசக் கணக்கையும் கெடுத்துப்போட்டம்னா நாளைக்கே இந்த ரூமப் பூட்டீருவாங்க.”

பாப்பாத்தி மெதுவாகச் சொன்னாள். “அந்தம்மா திங்கக்கெழம போயி அத்தன பேர் முன்னால நிப்பாங்களே சரசு.”

“உனக்குத் தோட்டம் இருக்குது. நீ பேசுவ.”

“தோட்டத்துல நாலு பலா மரந்தான் இருக்குது. பேரு கெட்டா மேடத்துக்கு அதுவும் இல்ல.”

நான் பெரிதாக எதுவும் யோசிக்கவில்லை. நல்லவள் என்றும் சொல்லிக்கொள்ள மாட்டேன். முப்பது வருஷம் கழிவைக் காட்டிவிட்டு வீட்டுக்குப் போனவள். காட்டாமல் போக உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. உள்ளே போனேன்.

“மேடம், கடலு எறங்கலீங்க. நாங்கதான் எறக்கிட்டம்னு நெனைக்கறனுங்க.”

“புரியல வசந்தாம்மா.”

தட்டைக் காட்டினேன். கண்ணாடியில் குனிந்தார். “இதுக்குத் தலை இருக்கே.”

“இருக்குதுங்க.”

“தலை இருந்தா ஒண்ணுன்னு எண்ணணும். வாலு மட்டும் கெடந்தாத்தான் விடணும்.”

“எங்களுக்கு ஒடைஞ்சா கழிவுங்க.”

அவர் நிமிரவில்லை. “எத்தனை நாளா?”

“வந்த நாள்ல இருந்துங்க.”

“மூணு பேருமா?”

“மூணு பேருமுங்க.”

“ஒத்துமையா இருந்தமுங்க மேடம்” என்றாள் சரசு. பயத்தில் அவளுக்கு அப்படித்தான் வாய் வரும்.

மேடம் ஸ்டூலில் உட்கார்ந்தார். “எண்ணினதை எல்லாம் காயவெச்சு எடை பாத்தாச்சு. திரும்ப எண்ண ஒண்ணும் மிச்சமில்ல. கழிவையும் அன்னன்னைக்கே கொட்டியிருப்பீங்க” என்றார்.

பாப்பாத்திக்குக் கோபம் வந்துவிட்டது. “காட்டாம எப்படிங்க கொட்டறது?”

“என்னது?”

“யாராச்சும் வந்து பாப்பீங்கன்னு வெச்சிருக்கறமுங்க. ஒரு வருசமாப் பாக்க ஆள் வர்லீங்க.”

ஒரு மாதத்துக்கு ஆறு. பன்னிரண்டு மாதத்துக்கு எழுபத்திரண்டு புட்டி. பெஞ்சுக்கு அடியில் வரிசையாக, சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தோம். மேடம் முழங்கால் போட்டு உட்கார்ந்து சாக்கைத் தூக்கினார்.

தரை காலியாக இருந்தது. ஈரத்தில் வட்ட வட்டமாகத் தடம் மட்டும்.

ரைட்டர் அய்யா ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார், பூசைக்குச் சுத்தம் பண்ண வேண்டும், புட்டி இடத்தை அடைக்கிறது என்று. காலையில் நாங்கள் முன்பக்கம் கழுவும்போது பின்பக்கமாகத் தூக்கிப் போயிருக்கிறார். மருந்துத் தண்ணீர் கொட்டுவதற்குப் பின்னால் ஒரு குழி இருக்கிறது.

ஓடினோம். மேடம் செருப்பை விட்டுவிட்டு ஓடினார். சவுக்கு மரம் தாண்டிப் போனால் மேகமூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் தெரிந்தது. குழி ஓரத்தில் தகர டின்னைக் கவிழ்த்துப் போட்டு ரைட்டர் அய்யா உட்கார்ந்திருந்தார். மடியில் நோட்டு, காதில் பென்சில், கையில் புட்டி.

“அய்யா! கொட்டாதீங்க!” என்று கத்தினேன்.

“ஏம்மா, மலை கிலை சரிஞ்சிருச்சா?”

“கொட்டாதீங்கய்யா!”

அவருக்கு முகம் மாறிவிட்டது. “எழுதாமக் கொட்டுவன்னு நெனச்சியா? நாப்பது வருசத்துல ஒரு நா எழுதாமக் கொட்டியிருக்கறனா? மாசம் எழுதி, எடம் எழுதி, கழிவு எத்தன ஒசரம்னு எழுதி, அப்புறந்தான் கொட்டறன்.”

அதனால்தான் காலையிலிருந்து பதினோரு புட்டிதான் ஆகியிருந்தது. வேறு யாராக இருந்தாலும் அந்த நேரத்துக்கு எழுபத்திரண்டையும் கவிழ்த்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். அக்டோபர் ஆறும் போய்விட்டன. நவம்பரில் ஐந்து போய்விட்டன. பன்னிரண்டாவதைக் கையில் வைத்திருந்தார்.

“இது மூடி எறுகிக் கெடக்குது. இதோட அரை மணி நேரமா மல்லுக்கட்டறன்” என்றார்.

மேடம் அதை வாங்கித் துப்பட்டாவால் துடைத்துச் சீட்டைப் படித்தார். நவம்பர். நடுக்கடல். ஆறு.

புட்டியைக் கையில் பிடித்தபடியே சொன்னார்: “இதுல இருநூறு தலை பக்கம் இருந்தா தப்பு உங்களோடது. அம்பதுதான் இருக்குன்னா தப்பு உங்களோடது இல்ல. கடல் நெஜமாவே கொறைஞ்சிருக்கு.”

சரசு சேர்வராயன் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். “சேர்வராயா, தப்பு எங்களுதாவே இருக்கட்டும்!”

கால் மணி முன்னால் என் காலை மிதித்தவள் அவள்தான். மேடம் அவளைப் பார்த்தார். அன்று முதன்முதலாகச் சிரித்தார். அடக்க முடியாமல் சிரித்தார். எங்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வேலை போகப்போகிறது என்று நினைத்துக்கொண்டே சிரித்தோம். ரைட்டர் அய்யா மட்டும் நோட்டை மூடிக்கொண்டு எங்களை ஒரு மாதிரி பார்த்தார்.

அறைக்கு வந்தோம். நான் என் கண்ணாடிக்கு முன்னால் உட்காரப் போனேன். மேடம் தடுத்தார்.

“நீங்க எண்ண வேண்டாம். நானும் எண்ணக் கூடாது. எனக்கு இப்ப இருநூறு வேணும்னு இருக்கு. வேணும்னு இருக்கறவங்க எண்ணக் கூடாது.”

எனக்குக் கிடைத்த பாடங்களில் இதுதான் பெரியது. முப்பது வருஷம் பொறுக்கி, ஒரு வருஷம் எண்ணியும் இது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்த அவசரத்திலும் அவருக்கு அது தோன்றியது.

மிஞ்சியது ரைட்டர் அய்யா. நானூற்றுப் பன்னிரண்டும் தெரியாது, இருநூற்று மூன்றும் தெரியாது. எந்த எண் வந்தால் நல்லது என்றும் தெரியாது. மேடம் கண்ணாடியைச் சரிசெய்து, “அய்யா, கண்ணு இருக்கற தலை ஒவ்வொண்ணையும் எண்ணுங்க. வாலு மட்டும் இருந்தா விட்டுருங்க” என்றார். தட்டில் கோடு இருக்கிறது, ஒவ்வொரு வரியாக நகர்த்த வேண்டும் என்று காட்டினார்.

“தலை இருந்தா ஒண்ணு. அவ்வளவுதானுங்களே?”

“அவ்வளவுதான்.”

அவர் குனிந்தார். உடனே நிமிர்ந்தார். “அடேயப்பா. என்னையே பாக்குதுங்க.”

“நீங்களும் பாருங்கய்யா” என்றாள் சரசு.

மூட்டை எண்ணுவது போலவே எண்ணினார். ஒன்று என்று சொல்லவில்லை. “லாபம்” என்று ஆரம்பித்தார். “லாபம், ரெண்டு, மூணு, நாலு…” ஐந்துக்கு ஒரு கோடு நோட்டில். நாங்கள் நால்வரும் சுவரோரம் நின்றோம். பேசக் கூடாது என்று மேடம் சைகை காட்டியிருந்தார். நாற்பதுக்கு மேல் போனபோது சரசு என் கையைப் பிடித்தாள். ஐம்பது தாண்டியபோது கிள்ளினாள். நூறு தாண்டியபோது பாப்பாத்தி உட்கார்ந்துவிட்டாள். நூற்று ஐம்பதில் ரைட்டர் அய்யா நிறுத்தி, கண்ணைத் துடைத்து, “தண்ணி” என்றார். மேடமே ஓடிப் போய்க் கொண்டுவந்தார்.

அவர் தண்ணீர் குடிக்கும் நேரத்தில் மற்றதைச் சொல்லிவிடுகிறேன்.

அறையைப் பூட்டவில்லை. மிச்சம் அறுபது புட்டியையும் பூசை முடிந்த மறுநாளே எண்ண ஆரம்பித்தோம். பொரியும் சுண்டலும் தின்றுகொண்டு, ஒருத்தி கழிவை ஒருத்தி எண்ணினோம். மேடம் நாலாவது மேசை போட்டு உட்கார்ந்தார். எங்களைவிட மெதுவாகத்தான் எண்ணினார். சரசு கேலி பண்ணினாள். அவர் வாங்கிக்கொண்டார். கோட்டை ரப்பர் வைத்து அழித்து, மேலே மேலே போட்டுக்கொண்டே போனார். ஒவ்வொரு புள்ளிக்கும் சரசு ஒரு கைதட்டல். திங்கட்கிழமை மீட்டிங்கில் போய், கடல் குறையவில்லை, நாங்கள் எண்ணியதில் தப்பு, திருத்திக்கொண்டிருக்கிறோம் என்று சொன்னாராம். எழுந்து நின்று தன் தப்பு என்றாராம். சரியாகச் சொல்லிக்கொடுக்க ஆள் அனுப்பாதது தான்தான் என்று. எங்கள் பெயரை எடுக்கவில்லை. வந்த பிறகும் எங்களிடம் அதைச் சொல்லவில்லை. அவரோடு போன டிரைவர் சொல்லித்தான் தெரியும்.

கொட்டிப்போன பதினொன்று போனதுதான். அந்த இடத்தில் பதிவேட்டில் இன்றைக்கும் நட்சத்திரம் போட்டிருக்கும். நீங்கள் பார்த்திருப்பீர்கள். என்னவென்று கேட்டீர்கள். இதுதான். அதை யாரும் குத்துமதிப்பாக நிரப்பக் கூடாது.

சுவரில் இருந்த படத்தைக் கழற்றி, உடைந்தது, கறுத்தது எல்லாம் போட்டு வேறு படம் வரைந்து ஒட்டினார்கள். பாராட்டுக் கடிதத்தை சரசு கழற்றவே விடவில்லை. “தப்பா எண்ணுனாலும் ஒழுங்கா எண்ணுனமல்ல?” என்றாள்.

ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் சோம்பலாக இருந்து தப்புச் செய்யவில்லை. கை பழகிப்போய்க் கண் தூங்கிவிட்டது. சரிபார்த்தவளுக்கும் அதே கை. ஒரே ஷெட்டிலிருந்து வந்த மூன்று பேர் சரிபார்த்தால் அது ஒருத்தி சரிபார்த்த மாதிரிதான். அதனால்தான் உங்கள் ஏழு பேரில் மூன்று பேரைக் காப்பித் தோட்டமே பார்க்காதவர்களாக எடுக்கச் சொன்னேன். அவர்கள் ஏதாவது கேட்டால் சிரிக்காதீர்கள் கண்ணுகளா. இடது பக்கம் ஏன் தள்ளுகிறாய் என்று எங்களை ஒரு ஆள் கேட்டிருந்தால் போதும்.

கழிவுப் புட்டி இப்போதும் வைக்கிறோம். பெஞ்சுக்கு அடியில் இல்லை, அலமாரியில். எதை விட்டோம் என்பதையும் காட்ட வேண்டும்.

ரைட்டர் அய்யா தண்ணீரைக் குடித்து முடித்துச் சொம்பைக் கீழே வைத்தார். நூற்று ஐம்பத்தொன்று என்று விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார். இப்போது குரல் உள்ளே போய்விட்டது, உதடு மட்டும் அசைந்தது. எங்களுக்குக் கேட்கவில்லை. பென்சில் கோடு போடுவது மட்டும் தெரிந்தது. நாங்கள் நின்ற இடத்திலிருந்து கோடுகளை எண்ண முடியவில்லை. பாப்பாத்தி எழுந்து எட்டிப் பார்த்தாள், மேடம் அவளைப் பிடித்து இழுத்தார்.

கடைசி வரி முடிந்தது. நிமிர்ந்தார். காதில் பென்சிலைச் செருகப் போனவர், திரும்ப எடுத்தார். கோடுகளை விரலால் தொட்டுத் தொட்டுக் கூட்டினார்.

“எத்தனைங்கய்யா?” என்றாள் சரசு.

“இரு சாமி. எழுதிட்டுச் சொல்றன்.”

மாதம் எழுதினார். இடம் எழுதினார். புட்டி நம்பர் எழுதினார். அடியில் ஒரு கோடு இழுத்தார். நோட்டை மேடம் பக்கம் திருப்பி வைத்தார்.

இருநூற்றுப் பதினொன்று.